பில்லியனில் ஒரு பங்கு: படச்சுருளுக்குள் இருக்கும் நுண்ணளவுத் தனிமங்கள்

(மேல்பட்டாம்பாக்கத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஸ்டுடியோ நடத்தியவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர் வட்டாரத்தில் ஸ்டுடியோ நடத்திய அண்ணன்மார் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். டார்க் ரூமில் பிலிம் கழுவி, ஹைப்போ என்ற நிலைநிறுத்தும் கரைசலில் போட்டு, கயிற்றில் உலர்த்தி, இந்த மாவட்டத்தின் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களையும் நமக்குச் சேர்த்து வைத்தவர்கள் நீங்கள். அந்தப் பிலிமுக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படி அளந்தார்கள், அந்த அளவையால் நமக்கு இன்றைக்கு என்ன பயன் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிலிம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் தராசில் ஏறாத அளவுக்குச் சிறிய சேர்மானங்களால்தான். அந்தச் சிறிய அளவை அளக்கத் தெரிந்தவர்களால்தான் பிலிம் செய்ய முடிந்தது. பிலிமின் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்த அளக்கும் கல்வியின் தேவை முடியவில்லை. இன்னும் கூடியிருக்கிறது.

எலும்பும் வெள்ளியும்

கறுப்பு வெள்ளைப் பிலிமில் மூன்று பொருள்கள். அடியில் தாங்கும் தகடு. அது முற்காலத்தில் செல்லுலோஸ் நைட்ரேட், பிறகு செல்லுலோஸ் அசிட்டேட், எக்ஸ்ரே பிலிமில் பாலியெஸ்டர். அதன்மேல் ஜெலட்டின். ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு, கொஞ்சம் வெள்ளி அயோடைடு ஆகியவற்றின் நுண்படிகங்கள். ஜெலட்டினும் படிகமும் சேர்ந்த பூச்சைத்தான் எமல்ஷன் என்கிறோம்.

ஜெலட்டின் நமக்குப் புதிதல்ல. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், செம்மங்குப்பத்தில், மாட்டெலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் ஆலை இருக்கிறது. எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்குவார்கள். மிஞ்சும் மெத்தென்ற பொருளுக்கு ஆசீன் என்று பெயர். அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் பல வாரம் வைத்து, கழுவி, வெந்நீரில் கரைத்தால் ஜெலட்டின். மருந்துக் கூட்டுக்கும் இனிப்புப் பண்டத்துக்கும் போகும் அதே குடும்பத்துப் பொருள்தான், மிகுந்த கட்டுப்பாட்டோடு செய்யப்பட்டால், பிலிமுக்குப் போகும்.

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடினம் என்பதை உலகம் 1920களில் கற்றது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கோடக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்டு என்ற வேதியியலாளர் இருந்தார். ஒரே செய்முறை, ஒரே வெள்ளி, ஒரே ஆட்கள். ஆனால் ஒரு வகை ஜெலட்டினில் செய்த எமல்ஷன் வேகமாக ஒளியை வாங்கும். இன்னொரு வகையில் செய்தது மந்தமாகக் கிடக்கும். காரணத்தைத் தேடி ஜெலட்டினைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். நல்ல ஜெலட்டினில் மிக மிகக் குறைந்த அளவில் கந்தகச் சேர்மங்கள் இருந்தன. கடுகுச் செடியின் காரத்தைத் தரும் வகையைச் சேர்ந்தவை அவை. மாடு மேய்ந்த செடியிலிருந்த கந்தகம், அதன் உடல் வழியாக ஜெலட்டினுக்கு வந்து, வெள்ளி புரோமைடு படிகத்தின் மேல் வெள்ளி சல்பைடு புள்ளியாக உட்கார்ந்து, பிலிமுக்கு வேகம் தந்திருக்கிறது. 1925இல் இது வெளியானது. அதுவரை தொழிற்சாலைகள் நம்பிக்கொண்டிருந்த கைராசி, அன்றோடு அளக்கக்கூடிய ஒரு வேதிப்பொருளாக மாறியது.

1936இல் ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனத்தில் ராபர்ட் கோஸ்லோவ்ஸ்கி அடுத்த அடியை வைத்தார். எமல்ஷனில் சிறிதளவு தங்க உப்பைச் சேர்த்தால் பிலிமின் வேகம் பெரிதும் கூடுவதைக் கண்டார். இந்த நுட்பத்தை அந்த நிறுவனம் பல ஆண்டுகள் வெளியே விடவில்லை.

ஒரு படிகத்துக்கு எத்தனை அணு?

மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மைக்ரான் பக்கமுள்ள ஒரு கனசதுர வெள்ளி புரோமைடு படிகத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளி புரோமைடின் அடிப்படை அணுக்கூட்டின் பக்கம் 0.577 நானோமீட்டர், ஒரு கூட்டில் 4 வெள்ளி அயனிகள். கணக்குப் போட்டால் அந்தப் படிகத்துக்குள் சுமார் 260 கோடி வெள்ளி அயனிகள் இருக்கும்.

ஒளி படும்போது படிகத்தில் விடுபடும் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் சிக்கி, வெள்ளி அயனிகளை வெள்ளி அணுக்களாக்குகின்றன. 1938இல் கர்னியும் மாட்டும் இந்த விளக்கத்தைத் தந்தார்கள். நான்கு வெள்ளி அணு சேர்ந்த ஒரு கூட்டம் உண்டானாலே போதும், டெவலப்பர் அந்த முழுப் படிகத்தையும் கறுப்பு வெள்ளியாக மாற்றிவிடும். நான்கு அணு தீர்மானிக்கிறது. 260 கோடி பின்தொடர்கிறது.

இப்போது ஒரு கேள்வி. பில்லியனில் ஒரு பங்கு என்ற அளவில், அதாவது நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில், இந்தப் படிகத்தில் வேறொரு உலோகம் இருந்தால் எத்தனை அணு? இரண்டு அல்லது மூன்று. நான்கு அணு தீர்மானிக்கும் இடத்தில் இரண்டு மூன்று அணு சும்மா இருக்குமா?

அந்த அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள நம் ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு லாரியில் 20 டன் ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 50 லாரிகள் வரிசையாக நின்றால் அத்தனை கரும்புக்கும் நடுவில் ஒரு கிராம் உப்பு. அதுதான் பில்லியனில் ஒரு பங்கு.

பிலிம் செய்தவர்கள் இதை அறிந்து பயன்படுத்தினார்கள். இரிடியத்தை நுண்ணளவில் படிகத்துக்குள் சேர்த்தால், மின்னல் வேகத்தில் எடுத்தாலும் நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தாலும் பிலிம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ரோடியம் சேர்த்தால் கறுப்பும் வெள்ளையும் கறாராகப் பிரியும். ஆப்செட் அச்சகங்களில் எழுத்துக்கு எடுத்த லித் பிலிமில் அந்தக் குணம்தான் வேண்டியிருந்தது. அதே ரோடியம் அளவு தவறி வேறொரு எமல்ஷனில் புகுந்தால் பிலிம் மந்தமாகிவிடும். குழாயிலிருந்து வரும் இரும்பு, செம்பு, தொட்டியின் பற்றவைப்பிலிருந்து வரும் ஈயம் எல்லாமே இப்படித்தான். சேர்த்ததும் சேர்க்காமல் புகுந்ததும் ஒரே அளவில் இருக்கும்போது, இரண்டையும் பிரித்தறியாமல் தொழில் நடத்த முடியாது.

பிலிம் பெற்றெடுத்த கருவி

அணுவை அதன் நிறையால் பிரித்து எண்ணும் கருவிதான் நிறை நிறமாலைமானி. ஆய்வகத்தில் சுருக்கமாக மாஸ் ஸ்பெக் என்பார்கள். இந்தக் கருவி பிறந்ததே புகைப்படத் தட்டின் மேல்தான்.

கேம்பிரிட்ஜின் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் ஜே.ஜே. தாம்சன் நியான் வாயுவின் அயனிகளை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்து, ஒரு புகைப்படத் தட்டில் விழச் செய்தார். தட்டைக் கழுவிப் பார்த்தபோது ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடுகள். 1913இல் அறிவிக்கப்பட்ட அந்த இரண்டு கோடுகள், நிறை 20 உள்ள நியானும் நிறை 22 உள்ள நியானும் உண்டு என்பதைக் காட்டின. அவருடைய உதவியாளர் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் 1919இல் செப்பமான நிறை நிறமாலை வரைவியைக் கட்டினார். தனிமம் தனிமமாகத் தட்டில் பதித்து, ஒரே தனிமத்தில் நிறை வேறுபட்ட அணுக்களான ஐசோடோப்புகளைக் கண்டார். 1922இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

1950களுக்குப் பின் தீப்பொறி மூல நிறை நிறமாலைமானி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. மாதிரியை மின்பொறியில் ஆவியாக்கி, எல்லாத் தனிமங்களையும் ஒரே தட்டில் கோடுகளாகப் பதிக்கும். அதற்கென்றே இல்ஃபோர்டு நிறுவனம் ஜெலட்டின் மிகக் குறைவாக வைத்த கியூ-2 என்ற தட்டைச் செய்து தந்தது. டிரான்சிஸ்டருக்கான சிலிக்கான், ஜெர்மானியத்தின் தூய்மையை உலகம் அப்படித்தான் பார்த்தது. பிலிமைக் கொண்டே பொருள்களின் கலப்பை அளந்த காலம் அது.

பிறகு 1980இல் அமெரிக்காவின் அயோவாவில் ராபர்ட் ஹௌக், வெல்மர் ஃபாசல் குழுவினரும் இங்கிலாந்தின் ஆலன் கிரேயும் சேர்ந்து புதிய வழியை வெளியிட்டார்கள். ஆர்கான் வாயுவை ரேடியோ அலையால் சூடேற்றிப் பிளாஸ்மாவாக்குவது. அதற்குள் கரைசலை நுண்துளியாகத் தெளிப்பது. அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து மின்துடிப்புகளாக எண்ணுவது. ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக் என்பது இதுதான். 1983இல் விற்பனைக்கு வந்தது. இங்கே தட்டுக்கு வேலை இல்லை. இப்போது பிலிமே மாதிரியாக அந்தக் கருவிக்குள் போகலாம்.

பிலிமைக் கரைப்பதில் உள்ள பாடு

போகலாம் என்று சொல்வது எளிது. செய்வதில் உள்ள பாட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிவியலின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

முதலில் வெட்டுவது. எஃகுக் கத்தரியால் வெட்டினால் இரும்பும் குரோமியமும் நிக்கலும் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் கத்தி வேண்டும். அமிலத்தில் ஊறிய டெஃப்ளான் பாத்திரம், கொதிநிலைக்குக் கீழே மெல்லக் காய்ச்சி வடித்த நைட்ரிக் அமிலம், தூசி வடிகட்டிய அறை எல்லாம் வேண்டும். மாதிரி இல்லாமல் வெறும் அமிலத்தை மட்டும் வைத்து முழுச் செய்முறையையும் ஒரு முறை நடத்த வேண்டும். அதில் வரும் அளவு நம் அறையும் அமிலமும் சேர்த்த அழுக்கு. அதைக் கழிக்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது.

இரண்டாவது, எமல்ஷனைத் தகட்டிலிருந்து பிரிப்பது. புரதத்தைச் செரிக்கும் நொதியில் வெதுவெதுப்பாக வைத்தால் ஜெலட்டின் கரைந்து பூச்சு கழன்று வரும். இதை ஏன் செய்ய வேண்டும்? பாலியெஸ்டர் தகடு செய்யும்போது ஆண்டிமனிச் சேர்மத்தை வினையூக்கியாகப் போடுவார்கள். அது தகட்டிலேயே தங்கிவிடும். தகட்டோடு கரைத்தால் எமல்ஷனில் ஆண்டிமனி இருப்பதாகத் தவறாக எழுதிவிடுவோம்.

மூன்றாவது, கரைப்பது. நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும், வெள்ளி புரோமைடு கரையாது. தங்கமும் இரிடியமும் கரைசலில் நிலைத்து நிற்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அதை ஊற்றினால் வெள்ளி குளோரைடு வெண்படிவாக விழும்; விழும்போது மற்ற உலோகங்களையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஆகவே தெரிந்த அளவு தங்கத்தையும் ரோடியத்தையும் முன்கூட்டிச் சேர்த்து, கடைசியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துத்தான் செய்முறையை ஏற்க வேண்டும். இரிடியத்துக்கு 191, 193 என்று இரண்டு ஐசோடோப்பு இருப்பதால் இன்னும் நம்பகமான வழி உண்டு. இயற்கையில் இல்லாத விகிதத்தில் செறிவூட்டிய இரிடியத்தைச் சேர்த்து, விகித மாற்றத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடலாம். தங்கத்துக்கும் ரோடியத்துக்கும் இயற்கையில் ஒரே ஐசோடோப்பு. அந்த வழி அவற்றுக்கு இல்லை.

நான்காவது, வேடம் போட்டு வரும் அயனிகள். ஆர்கானும் ஆக்ஸிஜனும் ஒட்டினால் நிறை 56. இரும்பின் முக்கிய ஐசோடோப்பும் 56. ஆர்கானும் செம்பும் ஒட்டினால் 103, ரோடியமும் 103. ஈயத்தின் 206 இரட்டை மின்னூட்டம் பெற்றால் கருவிக்கு அதுவும் 103 ஆகத் தெரியும். வெள்ளி 107உடன் நைட்ரஜன் ஒட்டினால் 121, ஆக்ஸிஜன் ஒட்டினால் 123. ஆண்டிமனியின் இரண்டு ஐசோடோப்புகளும் அதே 121, 123தான். எமல்ஷனில் உள்ள உலோகங்களில் வெள்ளியே பெரும்பங்கு என்பதால், வெள்ளியில் மிகச் சிறு பின்னம் இப்படி ஒட்டினாலும் ஆண்டிமனி கணக்குக் கெட்டுவிடும். ஹீலியம் நிரப்பிய மோதல் அறை, கூடுதல் பிரிதிறன் கொண்ட கருவி, இவையெல்லாம் இந்த வேடத்தைக் களையத்தான் வந்தன.

கரைக்காமலே பார்க்கும் வழியும் உண்டு. லேசரால் பிலிமில் கண்ணுக்குத் தெரியாத குழி பறித்து, அந்த ஆவியைப் பிளாஸ்மாவுக்கு அனுப்பலாம். அயனிக் கற்றையால் ஒற்றைப் படிகத்தின் மேற்பரப்பைச் செதுக்கி எந்த இடத்தில் அயோடைடு இருக்கிறது என்றும் பார்க்கலாம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டாவது வழியில் வெள்ளி ஹாலைடு படிகங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

வைக்கோல் அட்டை சொன்ன ரகசியம்

நுண்ணளவின் வலிமையைச் சொல்லும் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். 1945இல் கோடக் நிறுவனத்தின் எக்ஸ்ரே பிலிமில் காரணமின்றிக் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. ஜூலியன் வெப் என்ற இயற்பியலாளர் தேடினார். பிலிமுக்கிடையே வைத்த வைக்கோல் அட்டையில் கதிரியக்கம் இருந்தது. இந்தியானா மாநிலத்தின் வின்சென்ஸ் ஊரில், வாபாஷ் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு அந்த அட்டை செய்யப்பட்டிருந்தது. கதிர்வீச்சு குறையும் வேகத்தை அளந்து, அது சீரியம்-141, அரை ஆயுள் சுமார் 32 நாள் என்று கண்டார். 1945 ஜூலை 16இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்த முதல் அணுகுண்டின் தூசி ஆயிரம் மைலுக்கு அப்பால் மழையில் இறங்கி, ஆற்றில் கலந்து, அட்டைக்குள் போய், பிலிமில் புள்ளி வைத்திருக்கிறது. 1949இல் இதை வெளியிட்டார். அரசு மறைத்ததைப் பிலிம் காட்டிக்கொடுத்தது. அளக்கத் தெரிந்த ஒருவர் இருந்ததால்தான் அந்தப் புள்ளிக்குப் பொருள் கிடைத்தது.

உதகையின் இந்து பிலிம்

நம் மாநிலத்துக்கு வருவோம். 1960இல் மத்திய அரசு ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. இடம் உதகமண்டலம். நுட்பம் பிரான்ஸின் போஷே நிறுவனத்துடையது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. ஏன் உதகை? எமல்ஷன் பூசும் கூடத்துக்குத் தூசியற்ற குளிர்ந்த காற்று வேண்டும். கரையாப் பொருளும் உலோகமும் குறைந்த நல்ல தண்ணீர் வேண்டும். இதுவரை நான் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தேர்வின் நியாயம் விளங்கும். சமவெளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் இரும்பும் குளோரைடும் எமல்ஷனுக்குப் பகை.

அங்கே செய்த இந்து பிலிமைத்தான் இங்கே பலர் கேமராவில் போட்டீர்கள். அந்த நிறுவனத்தின் எக்ஸ்ரே பிலிமில் நம் ஆஸ்பத்திரிகளில் எலும்பு முறிவும் காசநோயும் பார்க்கப்பட்டன. வெளிநாட்டுப் பிலிமுக்கு அந்நியச் செலாவணி கிடைக்காத காலத்தில் ஓர் ஏழை நாடு தன் நெஞ்சுப்படத்தைத் தானே எடுத்துக்கொண்டது என்பது சிறிய சாதனை அல்ல. 1990களில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நலிந்த நிறுவனமாயிற்று. டிஜிட்டல் வந்தபின் எழ முடியவில்லை. 2010களில் மூடப்பட்டது. அங்கே இருட்டறையில் வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவர்களின் கைத்திறன் எழுதி வைக்கப்படாமல் கலைந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உதகைக்காரர்களிடம் கேட்டு எழுதும் வேலையை யாராவது உடனே தொடங்க வேண்டும்.

வெள்ளிக்காக அழிந்தவை, காக்க வேண்டியவை

பிலிமில் உள்ள வெள்ளியே அதற்கு எமனாகவும் வந்தது. நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம் என்ற மௌனப்படம் இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸின் பிரதியும் கிடைக்கவில்லை. நைட்ரேட் பிலிம் தீப்பற்றியது ஒரு காரணம். கவனிப்பின்மை ஒரு காரணம். ஓடி முடிந்த சுருள்களை வெள்ளிக்காகக் கரைத்தது இன்னொரு காரணம். இன்றும் பழைய எக்ஸ்ரே பிலிமை எடைக்கு வாங்க ஆள் வருகிறார்கள். எக்ஸ்ரேயைக் கொடுங்கள், தவறில்லை. வெள்ளி மண்ணுக்கும் ஆற்றுக்கும் போகாமல் திரும்பட்டும். ஆனால் ஸ்டுடியோ நெகட்டிவை அந்த மூட்டையோடு கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

இருப்பதைக் காக்க மூன்று செய்திகள். கழுவியபோது ஹைப்போ முழுதாகப் போகாத நெகட்டிவில் கந்தகம் மிஞ்சி, நாளடைவில் வெள்ளியை மஞ்சளும் பழுப்புமாக ஆக்கும். அசிட்டேட் தகடு நம் கடற்கரை வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடி வாடை வீசும். இரும்பு ஆக்ஸைடு பூசிய காந்த ஒலிச்சுருளில் இந்தச் சிதைவு இன்னும் விரைவு. ஆகவே பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடாமல், காகித உறையில், உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வையுங்கள். காடி வாடை வருவதைத் தனியே பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

இங்கேதான் நுண்ணளவுத் தனிமம் நமக்கு உதவும். நெகட்டிவின் ஓரத்தில் நிறுவனப் பெயர் அச்சாகியிருக்கும். பிரிண்ட் காகிதத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் காகிதத்தின் பேரைட்டா பூச்சில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது ஆலைக்கு ஆலை, காலத்துக்குக் காலம் மாறும். அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தில் டூசான் ஸ்டூலிக் குழுவினர் எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் இதை அளந்து பழைய படங்களின் காலத்தை அறிய வழி காட்டினார்கள். நம்மிடம் இந்து, ஓர்வோ, அக்ஃபா, கோடக் என்று பல வகையும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. ரோலின் தலைப்பில் படமில்லாத துண்டு ஒன்று இருக்கும். அதில் லேசர் குழி ஒன்று போதும். ஒரு முகமும் சேதமாகாது. எந்தப் பிலிமில் என்ன நுண்ணளவுத் தனிமம் என்ற ஒப்பீட்டுப் பட்டியலை இந்தியப் பிலிமுக்கு நாம் உண்டாக்க முடியும்.

அதற்கு வேண்டிய அறிவு வெளியே இல்லை. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நிறை நிறமாலைமானிகளைச் சொந்தமாகக் கட்டியது. கல்பாக்கத்திலும் ஹைதராபாத்திலும் இத்துறையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு பேருந்துப் பயணம். வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, இதை ஓர் ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிலிமில் தேர்ந்த கை வேறெங்கும் பயன்படும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அது பில்லியனில் பத்துப் பங்கு. ஷெப்பர்டு ஜெலட்டினில் தேடிய அளவும் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் தேட வேண்டிய அளவும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை. தொழிற்சாலைகள் நிறைந்த கடலூர் மாவட்டத்தில் தன் ஊர்த் தண்ணீரை, வெறும் அமிலத்தில் வந்த அழுக்கைக் கழித்து, வேடமிட்ட அயனியைக் களைந்து, நேர்மையாக அளந்து சொல்லக்கூடிய இளைஞர்கள் பத்துப் பேர் இருந்தால், எந்த வாக்குவாதத்தையும் ஆதாரத்தோடு தீர்க்கலாம். பயத்தால் சொல்வதும் பணத்தால் மறைப்பதும் அந்த எண்ணின் முன் நிற்காது.

ஸ்டுடியோ நடத்திய அண்ணன்மார்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் நெகட்டிவ் பெட்டிகளை இந்தப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பிலிம், எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். ஆசிரியப் பெருமக்கள் அதை எழுதி வாங்குங்கள். கைக்குத் தெரிந்ததும் கருவிக்குத் தெரிந்ததும் ஒரே ஏட்டில் வரட்டும். அந்த ஏட்டின் முதல் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் எழுதப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.